துணைப் பயணி வரவில்லை

— பதினோரு தடவை, சார். ஒண்ணு ரெண்டுன்னா நாங்க கண்டுக்கவே மாட்டோம். பதினோரு தடவை உங்க பக்கத்து சீட் காலியாவே பறந்திருக்கு.

— எங்கேம்மா காலியாப் பறந்துச்சு? நாலு தடவை உங்க ஆளுங்களே கடைசி நேரத்துல யாரையாவது கொண்டாந்து உட்கார வச்சாங்க. அதுல ஒருத்தன் நல்ல குண்டன். சான் டியேகோ வரைக்கும் என் தோள்ல சாய்ஞ்சு தூங்குனான். எழுப்ப மனசு வரல.

— அந்த நாலு போக மீதி ஏழு?

— மீதி ஏழுல என் தொப்பி உட்கார்ந்து வந்துச்சு.

— டோர்விக் சார், நான் விளையாட்டுக்குக் கூப்பிடலை. ஏற்கெனவே சொன்னேன், மறுபடியும் சொல்றேன். என் பேரு ரமோனா பாக்கா. விமானக் கம்பெனியில சலுகைகளைச் சரிபார்க்கிற பிரிவு. நாம பேசுறது பதிவாகுது.

— பதிவாகட்டும். ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் என்கிட்ட பேசுற முதல் ஆளு நீதான். எந்த ஊர்லேருந்தும்மா பேசுற?

— ஆல்புகர்க்கி.

— அங்க வெயிலா இருக்குமே.

— நல்ல வெயில், சார். விஷயத்துக்கு வரலாமா? பாருங்க, உங்ககிட்ட இருக்கிறது துணைப் பாஸ். நீங்க ஒரு டிக்கெட் எடுத்தா, நீங்க பேர் குடுத்து வச்சிருக்கிற ஒருத்தர் வரியை மட்டும் கட்டிட்டு உங்ககூட வரலாம். எத்தனை தடவை வேணும்னாலும், எந்த ஊருக்கு வேணும்னாலும். நீங்க குடுத்த பேரு கர்ட்டிஸ் டோர்விக். அவருக்கு ஒவ்வொரு தடவையும் டிக்கெட் போட்டிருக்கீங்க. அவர் ஒரு தடவைகூட ஏறலை. என் திரையில வரிசையா நிக்குது. துணைப் பயணி வரவில்லை, துணைப் பயணி வரவில்லைன்னு.

— வரியைக் கட்டியிருக்கேன்ல? ஒவ்வொரு தடவையும்.

— கட்டியிருக்கீங்க. அஞ்சு டாலர் அறுபது சென்ட். அதுக்குத்தான் கூப்பிட்டேன். அஞ்சு டாலரைக் கட்டிட்டு, பக்கத்து சீட்டைப் பிடிச்சு வச்சு, காலை நீட்டிக்கிட்டுப் போற ஆளுங்க இருக்காங்க. எங்க பாஷையில அதுக்குப் பேரு மோசடி.

— மோசடியா! இந்தா பாரும்மா. நான் மைனட்ல முப்பத்தெட்டு வருஷமா தானியக் குதிர் கட்டுறவன். தொண்ணூறு அடி உசரத்துல தொங்கிக்கிட்டு இரும்புத் தகடு மாட்டுறவன். எவன் வேணும்னாலும் வந்து எண்ணிப் பார்க்கலாம், ஒரு போல்ட்டு குறைஞ்சிருக்காது. இந்த அஞ்சு டாலர் சீட்டுக்கு நான் மோசடி பண்ணுவேனா?

— கோவப்படாதீங்க. வராத ஆளுக்கு ஏன் டிக்கெட் போடுறீங்க? அதை மட்டும் சொல்லுங்க.

— வந்தான்னா?

— என்ன சார்?

— ஒரு நாள் வந்து நின்னான்னா? அன்னைக்குப் பார்த்து அவன் பேருக்கு டிக்கெட் இல்லைன்னா என்ன பண்ணுவான்? நான் என்ன பதில் சொல்லுவேன்?

— கர்ட்டிஸ் உங்களுக்கு யாரு, சார்?

— மகன். இருக்கிறது ஒருத்தன். டென்வர்ல இருக்கான். அங்க ஒரு பள்ளிக்கூடத்துல கொதிகலன், குழாயெல்லாம் பார்த்துக்கிறானாம். அவன் சொல்லலை, ஊர்ல ஒருத்தன் சொன்னான்.

— ஓ. அதான் உங்க டிக்கெட்டெல்லாம் ரெண்டு துண்டா இருக்கா? மைனட்லேருந்து டென்வர் வரைக்கும் நீங்க மட்டும். டென்வர்லேருந்து ரெண்டு பேரு.

— அப்படித்தான். டென்வர்ல இறங்கி, அடுத்த விமானத்துக்கு ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம் விட்டுத்தான் போடுவேன். ஒரு காபி வாங்கிக்கிட்டு விமானம் ஏறுற வாசலுக்கு எதிர்த்தாப்புல உட்கார்ந்துருவேன். அவன் உசரத்துல எவனாச்சும் வந்தா எழுந்திருவேன். டென்வர்ல எல்லாப் பயலும் உசரமாத்தாம்மா இருக்கானுக. எழுந்து எழுந்து உட்கார்றதைப் பார்த்துட்டு அங்க கூட்டுற அம்மா ஒரு நாள், ‘நாற்காலி சரியில்லையா’ன்னு கேட்டுச்சு.

— அவர் வரலைன்னு தெரிஞ்ச பிறகு வீட்டுக்குத் திரும்பலாமே.

— டிக்கெட் இருக்கே. டிக்கெட் இருக்கிறப்ப போகாம எப்படி? சியாட்டில் போனேன். கடல் பார்த்த மாதிரி ஒரு சாப்பாட்டுக் கடை. வாசல்ல நின்ன பொண்ணு ‘எத்தனை பேரு’ன்னு கேட்டா. வாய் தவறி ரெண்டுன்னுட்டேன். ரெண்டு தட்டு வச்சுட்டா. அப்புறம் எடுக்கச் சொல்ல வெட்கமாப் போயி, ‘வந்துக்கிட்டிருக்கான்’னு சொல்லிட்டு ஒரு மணி நேரம் ரொட்டியைப் பிச்சுத் தின்னுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். சான் டியேகோவுல மணல்ல நின்னேன். இரும்பு மூக்கு வச்ச பூட்ஸோட. வேற பூட்ஸ் என்கிட்ட ஏது? ஒரு குட்டிப் பொண்ணு வந்து, ‘உங்க காலுக்குக் கடல் பிடிக்காதா’ன்னு கேட்டுட்டு ஓடிருச்சு. அந்த ரெண்டு நாள்ல என்கிட்ட பேசுன ஆளு அது ஒண்ணுதான்.

— குளிர்காலத்துல மட்டும்தான் போறீங்க போல.

— நவம்பர்ல மண்ணு இறுகிருச்சுன்னா எங்க வேலை நின்னுரும். பசங்கெல்லாம் அவங்கவங்க வீட்டுக்குப் போயிருவானுக. ஏப்ரல் வரைக்கும் பனியும் நானுந்தான். ரேடியோ பாடும். விலை சொல்லும். கோதுமை இவ்வளவு, சூரியகாந்தி இவ்வளவுன்னு. நானும் அதுக்குப் பதில் பேசிக்கிட்டிருப்பேன்.

— சரி, சார். இன்னொண்ணும் எழுதணும். இந்தப் பாஸ் கிடைக்கிறது லேசு இல்லை. வாரத்துக்கு நாலு நாள் பறக்கிறவங்களே தடுமாறுவாங்க. நீங்க அதுக்கு முன்னாடி ஒரு தடவைகூடப் பறந்ததா இங்க இல்லை. எப்படிக் கிடைச்சுது?

— குதிர் கட்டிக் கிடைச்சுது.

— புரியலை.

— கம்பெனி கிரெடிட் கார்டும்மா. உங்க விமானப் படம் போட்டது, ரெண்டு கார்டு. கம்பெனி பேர்ல ஒண்ணு வாங்கி, நாலு மாசம் விட்டு இன்னொண்ணு. சேர்ந்த முதல் மூணு மாசத்துல இவ்வளவு செலவு பண்ணுனா மொத்தமா இவ்வளவு பாயிண்ட்னு குடுப்பீங்கள்ல? மத்தவன் அந்தச் செலவுக்கு எங்க போவான்? எனக்கு ஒரு குதிருக்கு வாங்குற இரும்புலேயே அது முடிஞ்சிரும். இரும்பு, சிமெண்டு, கிரேன் வாடகை, டீசல், எல்லாத்தையும் கார்டுல தேய்க்கணும். வட்டி விழறதுக்கு முந்தி சுத்தமாக் கட்டிரணும். முக்கியமா, ஒரே வருஷத்துக்குள்ள அவ்வளவு பாயிண்ட் சேர்ந்தாத்தான் பாஸ், அதனால அந்தப் பெரிய பாயிண்ட் ஜனவரியிலதான் விழணும். டிசம்பர்ல விழுந்துச்சுன்னா அந்த வருஷத்தோட கணக்கு அழிஞ்சுபோகும். ஜனவரியில விழுந்தா அந்த வருஷம் பூராவும் பாஸ், அடுத்த வருஷம் பூராவும் பாஸ்.

— எங்க ஆபீஸ்லேயே பாதிப் பேருக்கு இது தெரியாது, சார். யாரு சொல்லிக் குடுத்தது?

— அவன்தான்.

— கர்ட்டிஸா?

— பின்னே? ஆபீஸை அவன்தானே பார்த்தான். நான் காலமெல்லாம் செக்கைக் கிழிச்சுக் குடுத்தவன். ‘அப்பா, செக்கைக் குடுத்தா இரும்புக் கடைக்காரன் ஒரு நன்றி சொல்லுவான். கார்டைக் குடுத்தா நாம ஹவாய் போகலாம்’னான். கார்டுன்னா நூத்துக்கு மூணு கூட ஆகும்னான் கடைக்காரன். இவன் ஒரு டப்பா டோனட்டோட போயி உட்கார்ந்து, பேசிப் பேசியே அதை இல்லாமப் பண்ணிட்டு வந்தான். எந்தக் கார்டு எப்ப வாங்கணும், எந்தப் பில்லை எதுல போடணும், எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தான். கடைசிப் பக்கத்துல இந்தத் துணைப் பாஸ். ‘அப்பாவும் நானும்’னு எழுதி அடியில கோடு போட்டிருந்தான். அந்தப் பாஸை அப்ப நாங்க வாங்கலை. அதுக்குள்ள அவன் போயிட்டான்.

— ஏன் போனாரு? சொல்ல வேண்டாம்னா விடுங்க. இது என் படிவத்துல இல்லை.

— உன் படிவத்துல இல்லாததைத்தான் எவனும் என்கிட்ட கேக்க மாட்டேங்கறான். கேளு. அவன் அம்மா எங்களை விட்டுட்டுப் போறப்ப அவனுக்குப் பன்னெண்டு வயசு. சாக்ரமெண்டோவுக்குப் போயிட்டா. அன்னைக்குச் சொன்னேன், இந்த வீட்டுல அவ பேரு வரக் கூடாதுன்னு. வரலை. பத்தொன்பது வருஷம் வரலை. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் எல்லாரும் களத்துல சாப்பிட்டுக்கிட்டிருக்கோம். தபால்ல பாயிண்ட் தாள் வந்துச்சு. எத்தனை சேர்ந்துச்சு, எத்தனை செலவாச்சுன்னு. அதுவரைக்கும் நான் அதைப் பிரிச்சதே இல்ல. அன்னைக்குப் பிரிச்சேன். சாக்ரமெண்டோ, சாக்ரமெண்டோ, சாக்ரமெண்டோ, சாக்ரமெண்டோ. நாலு தடவை. என்கிட்ட இரும்புக் கண்காட்சிக்குப் போறேன்னுட்டுப் போயிருக்கான்.

— அம்மாவைப் பார்க்கப் போயிருக்காரு.

— அவளுக்கு அப்ப மார்புல கட்டி, அறுத்து எடுத்திருக்காங்க. அது எனக்குப் பின்னாடிதான் தெரியும். இப்ப நல்லாத்தான் இருக்காளாம். அன்னைக்கு எனக்குக் கண்ணு தெரியலை. எட்டுப் பேரு உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கானுக. அத்தனை பேரு முன்னாடியும் எழுந்து நின்னு, ‘திருட்டுப் பயலே’ன்னேன். ‘என் இரும்புல வந்த பாயிண்ட்டைத் திருடி அவளைப் பார்க்கப் போனியா’ன்னேன். அவன் பர்ஸ்லேருந்து கார்டைப் பிடுங்கி, தகரம் வெட்டுற கத்திரியால ரெண்டா வெட்டிப் போட்டேன்.

— அவர் என்ன சொன்னாரு?

— ஒண்ணும் சொல்லலை. ஏதாச்சும் சொல்லியிருந்தா நான் ரெண்டு கத்து கத்திட்டு விட்டிருப்பேன். குனிஞ்சான். மண்ணுல கெடந்த ரெண்டு துண்டையும் பொறுக்கி, ஊதி, சட்டைப் பையில போட்டுக்கிட்டான். வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். நாலு வருஷமாச்சு. ‘டோர்விக் அண்ட் சன்’னு போர்டு இருக்கு, அதை இறக்கலை. சின்ன மகனா பெரிய மகனான்னு புதுசா வர்றவன் கேப்பான்.

— அப்புறம் நீங்களே அந்த நோட்டைப் பார்த்து…

— நானே. ஒரு குளிர்காலம் பூரா உட்கார்ந்து படிச்சேன். அவன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ரெண்டு கார்டு வாங்கினேன், அவன் சொன்ன தேதியிலேயே. ஜனவரி ஒம்பதாந்தேதி பாயிண்ட் விழுந்துச்சு. போன்ல கூப்பிட்டா உங்க ஆளு ஒருத்தன், ‘வாழ்த்துகள், யாரை உங்ககூடக் கூட்டிட்டுப் போகப் போறீங்க’ன்னு கேட்டான். நான் பேரைச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாச் சொன்னேன்.

— மகனுக்கு எப்படித் தெரியும்? போன் பண்ணுவீங்களா?

— எடுக்க மாட்டான். அதனால பண்றதில்ல. டிக்கெட்டை அச்செடுத்து மேசையில வச்சுப் படம் பிடிச்சு அனுப்புவேன். அதுல என் டிக்கெட்டு, அவன் டிக்கெட்டு, எண்ணு, தேதி, எல்லாம் தெளிவா இருக்கும்.

— அதோட என்ன எழுதுவீங்க?

— எதோட?

— படத்தோட. ‘வாடா’ன்னு, ‘எப்படி இருக்கே’ன்னு…

— அதான் டிக்கெட் இருக்கேம்மா. அதுக்கு மேல என்னத்த எழுத?

— சார், மன்னிப்புக் கேட்டீங்களா?

— அதைத்தானே ஒவ்வொரு தடவையும் அனுப்பியிருக்கேன்.

— எங்கப்பா லாஸ் க்ரூசஸ்ல இருக்காரு. தினமும் காலையில எனக்கு ஒரு எண் அனுப்புவாரு. அறுபத்தஞ்சு. எழுபத்தொண்ணு. அவ்வளவுதான். அங்க எத்தனை டிகிரி ஃபாரன்ஹீட் வெயில்னு. ரொம்ப நாள் நான் அதைத் திறக்கிறதுகூட இல்லை.

— இப்ப?

— இப்ப இங்க எவ்வளவுன்னு திருப்பி அனுப்புறேன். சரி, சார், பதிவாகுது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிடுறேன். நீங்க மோசடி பண்ணலைன்னு நான் எழுதிக்கிறேன். ஆனா விதியை என்னால மாத்த முடியாது. அந்தப் பேரு அப்படியே இருந்து, இன்னொரு தடவை அவர் வரலைன்னா, பாஸ் போயிடும். மிச்சம் இருக்கிற பாயிண்ட்டும் முடங்கிடும். இன்னைக்கே வேற பேரு குடுத்தீங்கன்னா தப்பிச்சுக்கலாம். டிசம்பர் வரைக்கும் அவரைக் கூட்டிட்டுப் போங்க.

— வேற பேரா?

— யாரா இருந்தாலும் பரவாயில்லை. கூட வர்றவரா இருக்கணும், அவ்வளவுதான்.

— எங்க மேஸ்திரி டுவைட் இருக்கான். குதிர் உச்சியில ஒத்தைக் கால்ல நிப்பான். விமானம்னா கண்ணை மூடிக்குவான். அவன் வர மாட்டான்.

— வேற?

— அக்கா இருக்கா, ஃபார்கோவுல. பேரு ஈடித். அவகூட ஒரே வண்டியில பால்கடை வரைக்கும் போக முடியாது. அவளும் இதையேதான் சொல்லுவா என்னைப் பத்தி.

— நண்பர்கள் யாராவது? பக்கத்து வீடு? சர்ச்?

— பக்கத்து வீடு ரெண்டு மைல். இரு, யோசிக்கிறேன்… சர்ச்சுல காபி ஊத்துற ஆளு ஒருத்தன், நல்லவன். அவன் பேரு என்னமோ. பாரேன், பதினஞ்சு வருஷமா அவன் கையால காபி குடிக்கிறேன்.

— அவசரம் இல்லை, சார். நான் காத்திருக்கேன்.

— காத்திருந்து என்ன பண்ண? அறுபத்திநாலு வயசுல ஒரு பேரு சொல்லுன்னா ஒரு பேரு வரலை. விடும்மா. எடுத்துரு.

— எதை?

— அந்தப் பேரை. வேற எதையும் போட வேண்டாம். பாஸும் வேண்டாம், பாயிண்ட்டும் வேண்டாம். நம்மூர்ல ஒரு பய இதைப் படிச்சு வாங்கியிருப்பானா? அந்த மட்டுக்கும் போதும். வராதவனை நானும் எத்தனை தடவை அலைக்கழிக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் அங்க அவனுக்கு என்ன மாதிரி இருக்கோ. இந்தக் கிழவன் விட மாட்டேங்கறானேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு அழிக்கிறானோ என்னமோ.

— நல்லா யோசிச்சுட்டுத்தான் சொல்றீங்களா?

— யோசிச்சாச்சு. உனக்கும் வேலை முடியும்.

— அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு டிக்கெட் இருக்கே. டென்வர்லேருந்து போர்ட்லாண்ட். அதையும் ரத்து பண்ணவா?

— பண்ணிரு. ரெண்டு பேருதையும்.

— சரி. திறக்கிறேன். கொஞ்சம் மெதுவாத்தான் திறக்கும்… ம். நீங்க ஏழு சி. அவரு ஏழு பி. சார்…

— சொல்லு.

— உங்க மகனுக்கு சீட் எடுக்கிறது யாரு?

— யாரு எடுப்பா? உங்க மெஷின்தான். கூட வர்றவனைப் பக்கத்துல போடும்ல.

— போடாது, சார்.

— போடுதே. எப்பவும் பக்கத்துல தானே போட்டிருக்கு.

— எங்க மெஷின் துணை டிக்கெட்டுக்குத் தானா சீட் குடுக்காது. அதுக்குத் தனி எண். அந்த எண்ணைப் போட்டு, எங்க வெப்சைட்டுக்குள்ள வந்து, யாராவது எடுத்தாத்தான் உண்டு. எடுக்கலைன்னா விமான நிலையத்துக்கு வந்த பிறகுதான் குடுப்போம். வராதவருக்கு சீட் எண்ணே இருக்கக் கூடாது. நீங்கதான் எடுக்கிறீங்கன்னு நினைச்சேன். அதனாலதான் மோசடின்னேன்.

— எனக்கு அதெல்லாம் எடுக்கத் தெரியாதும்மா. என்னோடதையே உங்க ஆளுங்களைப் போன்ல கூப்பிட்டுத்தான் சொல்லுவேன். நடைபாதை ஓரத்து சீட் குடுன்னு.

— ஒரு நிமிஷம். பழசையெல்லாம் திறந்து பார்க்கிறேன். சியாட்டில். உங்களுக்குப் பதினாலு சி, அவருக்குப் பதினாலு பி. சான் டியேகோ. உங்களுக்கு இருபத்தொண்ணு சி, அவருக்கு இருபத்தொண்ணு பி. நாஷ்வில். சார், நாஷ்வில் விமானம் பாதிக்குப் பாதி காலி. எத்தனையோ ஜன்னல் சீட் காலியா இருந்திருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு நடு சீட்டை எடுத்திருக்காங்க. நடு சீட்டை யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க, சார்.

— நீ என்னம்மா சொல்ற?

— இருங்க. இந்தச் செவ்வாய்க்கிழமை டிக்கெட். நீங்க ஞாயித்துக்கிழமை சீட் மாத்துனீங்களா?

— ஆமா. காலையில கூப்பிட்டு மாத்துனேன். முன்னாடி வரிசையா இருந்தா இறங்க லேசா இருக்கும்னு.

— மாத்துனதை மகனுக்கு அனுப்புனீங்களா?

— இல்லம்மா. பழைய படம்தான் போன மாசமே அனுப்புனது. மாத்துனதைச் சொல்லலை. அவன் எங்க பார்க்கப் போறான்னு விட்டுட்டேன்.

— ஞாயித்துக்கிழமை காலையில பத்து அஞ்சுக்கு நீங்க பதினாலு சி-யிலேருந்து ஏழு சி-க்கு வந்திருக்கீங்க, சார். பத்து நாப்பதுக்குப் பதினாலு பி-யில இருந்தவரு ஏழு பி-க்கு வந்திருக்காரு.